பத்து கிலோமீட்டருக்கு அப்பாலும் மூச்சு விடுகிறார்கள்

வெளியூர்ப் புகையைப் பற்றிச் சிற்றூர்கள் கவலைப்பட வேண்டியதில்லை என்ற எண்ணம் தமிழ்நாட்டில் ஆழமாக வேரோடியிருக்கிறது. இதில் கட்சி பேதம் இல்லை, படித்தவர் படிக்காதவர் என்ற பேதமும் இல்லை. நவம்பர் மாதத்தில் தொலைக்காட்சி தில்லியின் சாம்பல் வானத்தைக் காட்டும்போது, "நல்லவேளை, நம்ம ஊர்ல காத்து சுத்தம்" என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். இந்த எண்ணம் தவறு. அதை நம்புகிற ஊர்களுக்கே அது கேடாக முடிகிறது.

அப்படி எண்ணுபவர்களின் தரப்பை முதலில் முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். புகை தூரம் போகப் போகக் கலைந்து நீர்த்துவிடும். சிற்றூர்களின் காற்று பெருநகரக் காற்றைவிட எவ்வளவோ மேல். உள்ளூரிலேயே குப்பைக் கிடங்கு எரிகிறது, கல்குவாரித் தூசி பறக்கிறது, விறகடுப்பு புகைகிறது; இருக்கிற கொஞ்சப் பணத்தையும் கவனத்தையும் அவற்றில் செலவிடுவதுதான் அறிவுடைமை. மின்சாரமும் வேலையும் வேண்டுமென்றால் அனல் மின் நிலையங்கள் எங்காவது இருந்துதான் ஆக வேண்டும். மக்கள் நெருக்கமில்லாத இடத்தில் கட்டி, புகைபோக்கியையும் உயரமாக எழுப்பிவிட்டால் யாருக்கும் பெரிய பாதிப்பு இல்லை. கடைசியாக, எங்கிருந்தோ வரும் காற்றை ஒரு பேரூராட்சித் தலைவரால் தடுத்து நிறுத்த முடியாது. முடியாததைப் பற்றிக் கவலைப்பட்டு என்ன ஆகப்போகிறது?

இவை எவையும் அசட்டு வாதங்கள் அல்ல. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இது திண்ணைப் பேச்சாக மட்டும் இருந்திருந்தால் நான் எழுதவும் முனைந்திருக்க மாட்டேன். ஆனால் 2025 ஜூலையில் இதே எண்ணம் ஒன்றிய அரசின் அறிவிக்கையாக வெளிவந்துவிட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1. தூரம் எல்லாப் புகையையும் கரைத்துவிடாது. கண்ணுக்குத் தெரிகிற கரியும் சாம்பலும் கனமானவை. சில கிலோமீட்டருக்குள் கீழே விழுந்துவிடும். நம் அனுபவமெல்லாம் அதைக் கொண்டுதான். செங்கல் சூளையை ஒட்டிய மொட்டைமாடியில் கரி படிகிறது, அடுத்த ஊர் மாடியில் படிவதில்லை. ஆகவே புகை அடுத்த ஊருக்குப் போகவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். நுரையீரலின் அடிவரை இறங்குவது அந்தக் கரி அல்ல. இரண்டரை மைக்ரானுக்கும் குறைவான நுண்துகள், தலைமயிரின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு, மழை வந்து கழுவும்வரை நாள்கணக்கில் காற்றிலேயே கிடக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் சாதாரணக் காற்று ஒரு நாளில் 432 கிலோமீட்டர் போகும். ஐந்து நாளில் இரண்டாயிரத்தைத் தாண்டிவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று நம் பேச்சில் வருவதே இல்லை. நிலக்கரியை எரிக்கும்போது புகைபோக்கியிலிருந்து வெளியேறும் கந்தக டை ஆக்சைடு ஒரு வாயு. வெளியேறும் கணத்தில் அது துகள் அல்ல. போகிற வழியில் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, வயல்களில் போட்ட யூரியாவிலிருந்தும் மாட்டுத் தொழுவங்களிலிருந்தும் எழும் அம்மோனியாவோடு சேர்ந்து, அம்மோனியம் சல்பேட் என்ற நுண்துகளாகிறது. இதற்கு மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் நேரம் பிடிக்கும். புகைபோக்கியின் அடியில் நிற்பவர் சுவாசிக்காத சல்பேட் துகளை, நூறு இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் சுவாசிக்கிறார். அந்தத் துகள் உருவாவதற்கான அவகாசத்தைக் கொடுப்பதே தூரம்தான்.

இது ஏட்டுக் கணக்கு என்பவர்கள் காஷிதூவைப் பார்க்கட்டும். மாலத்தீவில், கன்னியாகுமரிக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், பெரிய ஆலை எதுவும் இல்லாத குட்டித் தீவு அது. 1999இன் தொடக்க மாதங்களில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்திரன் ராமநாதனும் நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனும் முன்னின்று நடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வு அங்கே கருவிகளை வைத்தது. குளிர்காலத்தில் துணைக்கண்டத்திலிருந்து கடலை நோக்கி வீசும் வடகிழக்குக் காற்று கொண்டுவந்த பழுப்புப் புகைமூட்டம் வட இந்தியப் பெருங்கடலின் பெரும்பகுதியை மூடியிருந்ததை அந்த ஆய்வு கண்டது. கடல் மேற்பரப்பை அடையும் சூரிய ஒளியைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அது குறைத்தது. துகள்களில் பெரும்பங்கு மனிதர்கள் எரித்ததால் உண்டானவை. வாடைக்காற்று கடல் தாண்டி காஷிதூ வரை இதைச் சுமந்து போகிறதென்றால், நடுவழியில் இருக்கும் நம் கரையோர ஊர்களைச் சுற்றிக்கொண்டா போகிறது?

இன்னும் அண்மையில் ஈழத்துத் தமிழர் கண்ணாலேயே பார்த்தது ஒன்று உண்டு. 2022 டிசம்பர் முதல் வாரத்தின் இறுதியில் வங்கக் கடலில் மாண்டஸ் புயல் உருவாகிச் சுழன்றபோது, அந்தச் சுழற்சி இந்திய நிலப்பரப்பின் மாசுபட்ட காற்றை இலங்கையை நோக்கி இழுத்தது. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் காற்றுத்தரக் குறியீடு தீங்கான அளவுக்கு ஏறியது. முகக்கவசம் அணியச் சொன்னார்கள். டிசம்பர் 9ஆம் திகதி நாடு முழுவதும் அரச பாடசாலைகளை மூடினார்கள். இலங்கையின் ஒரே நிலக்கரி மின் நிலையம் மேற்குக் கரையில் நுரைச்சோலையில் இருக்கிறது. காற்றோ அன்று வடக்கிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தது அவர்கள் ஊரில் எவரும் எரித்த எதற்காகவும் அல்ல.

2. தில்லியோடு ஒப்பிட்டு நம் காற்றைச் சுத்தம் என்பது அளவுகோலே இல்லாத பேச்சு. ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டரில் 40 மைக்ரோகிராம் நுண்துகள் வரை இருக்கலாம் என்பது இந்திய வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த வழிகாட்டு அளவு 5. இரண்டுக்கும் நடுவே எட்டு மடங்கு இடைவெளி இருக்கிறது. நம் சிற்றூர்கள் அந்த இடைவெளிக்குள் எங்கே நிற்கின்றன என்று பெரும்பாலான ஊர்களில் அளந்து சொல்ல ஆளில்லை. 2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் நாடெங்கும் 130 நகரங்களைச் சுற்றி அமைந்தது. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. மற்ற ஊர்களுக்குத் திட்டமும் இல்லை, நிதியும் இல்லை, பல இடங்களில் கருவியும் இல்லை. கருவி இல்லாத ஊரின் காற்று எந்தப் பட்டியலிலும் மோசம் என்று பதிவாகாது. அந்தப் பதிவின்மையைத்தான் நாம் சுத்தம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

குறைந்த மாசு என்றால் குறைந்த கவலை என்பதும் மருத்துவச் சான்றோடு ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவில் முதியோர் காப்பீட்டில் இருந்த சுமார் ஆறு கோடிப் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, அந்நாட்டின் அப்போதைய வரம்பான 12 மைக்ரோகிராமுக்குக் கீழேயும் நுண்துகள் கூடக்கூட இறப்பும் கூடுவதைக் காட்டியது. ஆபத்தே இல்லாத அடிமட்டம் என்று ஒன்று அவர்களுக்குத் தென்படவில்லை. தில்லியில் நூறு என்பதற்காக இங்கே முப்பது நல்லதாகிவிடாது.

3. உள்ளூர்க் குப்பையை முதலில் பார் என்பது சரியான அறிவுரை, தவறான இடத்தில் சொல்லப்படுகிறது. குப்பைக் கிடங்குக்குத் தீ வைப்பதை நிறுத்த வேண்டும், போகி அன்று டயர் எரிப்பதை நிறுத்த வேண்டும். இதில் எனக்கு ஒரு சொல் மறுப்பும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே பணப்பையிலிருந்து வருவதுபோலப் பேசுவது ஏன்? குப்பையை அள்ளுவது நகராட்சியின் செலவு. ஒரு மின் நிலையத்தின் புகையில் கந்தகத்தை நீக்கச் சொல்வது ஒன்றிய அமைச்சகத்தின், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின், நீதிமன்றத்தின் வேலை. பின்னதைக் கேட்பதற்கு நகராட்சி ஒரு துப்புரவுத் தொழிலாளரையும் குறைக்க வேண்டியதில்லை. ஒரு தீர்மானம் போதும்.

உள்ளூர், வெளியூர் என்ற இந்தப் பிரிவினையைக் காற்று ஏற்பதுமில்லை. 2009இல் வெளியான ஓர் ஆய்வு, மாலத்தீவிலும் புனே அருகே சிங்ககட் மலையிலும் பிடித்த புகைக்கரியைக் கதிரியக்கக் கார்பன் முறையில் சோதித்து, அதில் மூன்றில் இரண்டு பங்கு விறகு, வறட்டி, பயிர்த்தாள் போன்ற உயிர்ப்பொருள்களை எரித்ததால் வந்தது என்று கண்டது. அதாவது நம் கிராமத்து அடுப்புப் புகையும் கடல் தாண்டிப் போகிறது. நாம் வாங்குபவர்கள் மட்டுமல்ல, அனுப்புபவர்களும்தான். வெளியூர்ப் புகை எனக்குக் கவலையில்லை என்று சொல்கிற ஊர், தன் புகையைப் பற்றி அடுத்த ஊர் கேட்கக் கூடாது என்றும் சேர்த்தே சொல்கிறது. ஒவ்வொரு ஊரும் இப்படிச் சொன்னால் யார் காற்றுக்கு யார் பொறுப்பு?

4. உயரமான புகைபோக்கி மாசைக் குறைக்காது, முகவரியைத்தான் மாற்றும். ஐந்நூறு மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அலகுகளுக்கு 275 மீட்டர் உயரப் புகைபோக்கி வேண்டும் என்பது இந்திய விதி. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைவிட நான்கு மடங்குக்கும் மேல். அந்த உயரத்திலிருந்து விடப்படும் புகை பக்கத்து ஊரில் இறங்காது என்பது உண்மை. தொலைவில் உள்ள ஊரில் இறங்கும் என்பதும் அதே அளவு உண்மை. வீட்டுக் கழிவுநீரைக் குழாய் போட்டுக் கீழ்த்தெருவுக்கு விட்டவர், என் வாசல் சுத்தமாகிவிட்டது என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது அந்த அறிவிக்கைக்கு வருகிறேன். அனல் மின் நிலையங்கள் விடும் கந்தக டை ஆக்சைடுக்கு இந்தியா வரம்பு விதித்தது 2015 டிசம்பரில். இரண்டே ஆண்டில் கந்தக நீக்கக் கருவிகளைப் பொருத்திவிட வேண்டும் என்றது. 2017இல் வந்த கெடு தள்ளிப்போனது, மீண்டும் தள்ளிப்போனது, இன்னொரு முறையும் தள்ளிப்போனது. 2025 ஜூலையில் சுற்றுச்சூழல் அமைச்சகம் நிலையங்களை மூன்றாக வகுத்தது. தேசியத் தலைநகர்ப் பகுதியிலிருந்தோ பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரத்திலிருந்தோ பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவை 2027 முடிவதற்குள் கருவி பொருத்தியாக வேண்டும். மாசு மிகுந்தவை என்று ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட பகுதிகளிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பரிசீலிப்பார்கள். மற்றவற்றுக்கெல்லாம் அந்த வரம்பிலிருந்தே விலக்கு; புகைபோக்கியின் உயரம் விதிப்படி இருந்தால் போதும். இந்த 'மற்றவை' நாட்டின் அனல் மின் அலகுகளில் ஏறத்தாழ 78 விழுக்காடு.

திண்ணைப் பேச்சு சட்டமான கதை இதுதான். பெருநகரத்துக்குப் பக்கத்தில் என்றால் கருவி; சிற்றூருக்குப் பக்கத்தில் என்றால் உயரமான குழாய்.

அரசின் காரணங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு. அளந்து பார்த்த இடங்களில் காற்றில் கந்தக டை ஆக்சைடு பெரும்பாலும் வரம்புக்குள்ளேயே இருக்கிறது, கருவி பொருத்திய நிலையங்களின் அருகிலும் பொருத்தாதவற்றின் அருகிலும். கருவிகளுக்கு ஆகும் செலவு மிக அதிகம். அவை மின்சாரத்தையும் சுண்ணாம்புக்கல்லையும் தின்று கார்பன் வெளியேற்றத்தையும் கூட்டும். இந்த நான்கில் கடைசி இரண்டும் நேர்மையான கணக்கு, அவற்றை விவாதிக்கலாம். முதல் இரண்டும் கேள்வியையே மாற்றிவிடுகின்றன. கந்தகம் குறைந்த நிலக்கரி, எரிதிறனும் குறைந்த நிலக்கரி. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அதிகம் எரிக்க வேண்டும். அப்படி எரித்து எரித்துத்தான் இந்தியா இன்று உலகிலேயே அதிகக் கந்தக டை ஆக்சைடு வெளியேற்றும் நாடாக நிற்கிறது. 2007க்கும் 2017க்கும் இடையே சீனா தன் வெளியேற்றத்தை முக்கால் பங்கு குறைத்தது. அதே காலத்தில் இந்தியாவினுடையது பாதி கூடியது என்று செயற்கைக்கோள் தரவுகள் காட்டின.

இரண்டாவது காரணம்தான் என்னைக் கொதிக்க வைக்கிறது. நிலையத்தின் அருகே வாயுவை அளந்தால் குறைவாகத்தான் இருக்கும். 275 மீட்டர் உயரத்தில் விட்டுவிட்டு அடிவாரத்தில் அளந்தால் வேறு என்ன கிடைக்கும்? அது சல்பேட் துகளாகி இறங்கும் இடத்தில், இறங்கும் வடிவத்தில் அளக்க வேண்டும். அந்த இடங்கள் காற்றின் போக்கில் இருக்கும் சிற்றூர்கள். அங்கே அளவுகருவி இல்லை. கருவி இல்லாததால் மாசு இல்லை, மாசு இல்லாததால் வரம்பு வேண்டாம், வரம்பு வேண்டாததால் அளக்கவும் தேவையில்லை. எங்கள் காற்று சுத்தம் என்று நாம் பெருமையோடு சொன்ன ஒவ்வொரு முறையும் இந்தச் சங்கிலிக்கு ஒரு கண்ணி சேர்த்தோம்.

5. செய்ய ஒன்றுமில்லை என்பது வரலாறு அறியாதவர் பேச்சு. வெளியூர்ப் புகையைப் பற்றிய சர்வதேசச் சட்டத்தின் முதல் அடிக்கல்லை நாட்டியதே ஒரு சிற்றூர். கனடாவின் டிரெயில் என்ற ஊரில் ஈயமும் துத்தநாகமும் உருக்கும் ஆலை 1925இலும் 1927இலும் 409 அடி உயரத்தில் இரண்டு புகைபோக்கிகளை எழுப்பியது. கந்தகப் புகை கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே எல்லையைக் கடந்து, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நார்த்போர்ட் என்ற சிற்றூரின் பயிர்களையும் மரங்களையும் கருக்கியது. அந்த விவசாயிகள் இது வேறு நாட்டுப் புகை, நமக்கேன் என்று இருந்துவிடவில்லை. சங்கம் அமைத்தார்கள், முறையிட்டார்கள், தங்கள் அரசை இழுத்து வந்தார்கள். வழக்கு இரு நாடுகளுக்கிடையே நடுவர் மன்றத்துக்குப் போனது. 1941இல் வந்த இறுதித் தீர்ப்பு, இன்னொரு நாட்டின் நிலத்துக்குப் புகையால் தீங்கு விளையும்படி தன் மண்ணைப் பயன்படுத்தவோ பயன்படுத்த அனுமதிக்கவோ எந்த நாட்டுக்கும் உரிமையில்லை என்றது. உலகெங்கும் சுற்றுச்சூழல் சட்டம் படிப்பவர்கள் இன்றும் முதலில் படிக்கும் தீர்ப்புகளில் ஒன்று அது.

ஸ்வீடனும் நார்வேயும் தங்கள் ஏரிகளில் மீன்கள் சாவதற்குப் பிரிட்டனும் ஐரோப்பாவின் பிற நாடுகளும் உயரக் குழாய்களில் விட்ட கந்தகம் காரணம் என்றபோது முதலில் யாரும் காது கொடுக்கவில்லை. அவர்கள் அளந்தார்கள். அளந்ததை 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1979இல் ஜெனீவாவில் ஒப்பந்தம் உருவானது. அதன் பின் ஐரோப்பாவின் கந்தக வெளியேற்றம் முக்கால் பங்குக்கு மேல் வீழ்ந்தது.

மலேசியாவின் மூவார் நகரத்தில் 2013 ஜூன் 23 காலையில் காற்று மாசுக் குறியீடு 746ஐத் தொட்டது. நெருக்கடி நிலையை அறிவித்தார்கள். தமிழ்க் குடும்பங்களும் வாழ்கிற அந்தக் கரையோர ஊரை மூச்சுமுட்ட வைத்தது, நீரிணைக்கு அப்பால் சுமத்ராவில் எரிந்த காடும் சதுப்புநிலமும். அதே புகையில் திணறிய சிங்கப்பூர் அடுத்த ஆண்டே சட்டம் இயற்றியது. எல்லைக்கு வெளியே தீ வைக்கும் நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடுக்க அது வழி செய்கிறது. தெற்காசியாவுக்கும் 1998இல் மாலே பிரகடனம் என்று ஒன்று உண்டு. இந்தியாவும் இலங்கையும் அதை ஏற்றவை. அதற்குப் பல் இல்லை; பல் வேண்டும் என்று கேட்டு நிற்கிற ஊர்களும் இதுவரை போதுமான அளவில் இல்லை.

வெளிநாட்டு உதாரணம் இங்கே செல்லுமா என்பவர்களுக்கு உள்நாட்டு விதியையே காட்டுகிறேன். ஒரு மின் நிலையத்துக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு வழக்கமாகப் பத்து கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தைத்தான் ஆராய்கிறது. பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் திட்டம் அமையும் மாவட்டத்தில் மட்டும் நடக்கிறது. ஆனால் 2006ஆம் ஆண்டின் அறிவிக்கை கலந்தாய்வுக்கு இரண்டு பகுதிகளை வைத்திருக்கிறது. நேரில் நடக்கும் கூட்டம் ஒன்று. திட்டத்தின் சுற்றுச்சூழல் விளைவுகளில் நியாயமான அக்கறை உள்ள மற்றவர்களிடமிருந்து எழுத்தில் கருத்துப் பெறுவது இன்னொன்று. காற்றின் போக்கில் நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு நகராட்சிக்கு நியாயமான அக்கறை இல்லை என்று எந்த அதிகாரி எழுதுவார்? அப்படி எழுதினால் அந்தக் காகிதத்தைக் கொண்டு பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

ஆகவே முதலில் நகராட்சி மன்றக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வேண்டும்: எங்கள் ஊரில் நுண்துகளையும் சல்பேட்டையும் ஓராண்டு முழுக்க அளந்து தருமாறு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. அரசு மேல்நிலைப் பள்ளியின் மாடி போதும் கருவி வைக்க. வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களின் அளவையும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களின் அளவையும் பிரித்துப் போட்டால், எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வருகிறது என்று தெரியத் தொடங்கும். அடுத்து ஒரு நிலையத்தின் விரிவாக்கம் ஆய்வுக்கு வரும்போது, அந்த எண்களோடு நகராட்சித் தலைவர் கையெழுத்திட்ட எழுத்துப்பூர்வமான கருத்து போக வேண்டும்.